தாளில் எரியும் உலைக்கு விலை மலிவு!



2025 சூலை 31ஆம் நாள் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பெற்ற 13ஆவது மலேசியத் திட்டத்தில் அணுமின்சாரம் மீண்டும் இடம்பெற்றது. 2011இல் மலேசிய அணுமின் கழகம் அமைக்கப்பட்டதும், 2018 ஆட்சி மாற்றத்திற்குப்பின் அம்முயற்சி கைவிடப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். இப்போது, 'புதுவகை உலைகள் மலிவானவை' என்கிறார்கள். பாதுகாப்பைப் பற்றி அறிந்தோர் பேசட்டும். நான் பேசவிருப்பது கணக்கு.

மலிவு என்பதற்குச் சான்று யாது? 2017இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. புதுவகை உலைகளை வடிவமைக்கும் 8 நிறுவனங்களின் மதிப்பீடுகளைத் தொகுத்து, ஒரு மெகாவாட் மணி மின்சாரத்தின் அடக்கவிலை சராசரி 60 டாலர் என்றது. அதாவது, நம் வீட்டுக் கட்டணச் சீட்டில் காணும் ஓர் அலகுக்கு 6 அமெரிக்க சென். சரி, அவ்வெண்களைத் தந்தவர் யார்? உலையை விற்கவிருக்கும் நிறுவனங்களே! தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொண்ட மாணவனின் மதிப்பெண்ணை நாம் ஏற்போமா?

அந்த எட்டில் ஒன்றான டிரான்சட்டாமிக் 2018இல் மூடப்பட்டது. மற்றொன்றான நியூஸ்கேல், யூட்டா மாநில மின்வாரியங்களுக்காக 462 மெகாவாட் நிலையம் அமைக்க முன்வந்தது. 2021இல் 58 டாலர் என்றிருந்த விலை, 2023 சனவரியில் 89 டாலராயிற்று; அதுவும் அரசு மானியத்தைக் கழித்த பின்னர்! அதே ஆண்டு நவம்பரில் திட்டமே கைவிடப்பட்டது.

தமிழ்நாட்டுக் கல்பாக்கத்தைப் பாருங்கள். 500 மெகாவாட் ஈனுலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கியது. 2010இல் முடிய வேண்டியது. ஏறத்தாழ 3,500 கோடி ரூபாய் என்ற மதிப்பீடு 5,600 கோடியைத் தாண்டியது. 2024 பிறந்தபோதும் அங்கு மின்சாரம் பிறக்கவில்லை. அமெரிக்காவின் வோக்டில் நிலையத்தின் இரு புதிய உலைகளுக்கு 14 பில்லியன் டாலர் என்றார்கள். முடிந்தபோது 30 பில்லியனுக்கும் மேல். அச்சுமையில் பெரும்பங்கு மின்பயனர்களின் கட்டணத்தில்தான் ஏறியது.

எல்லா உலையும் இப்படியா? இல்லை. ஐக்கிய அரபு சிற்றரசுகளின் பராக்காவில் 4 கொரிய உலைகள் 2012இல் தொடங்கி 2024க்குள் இயங்கிவிட்டன. ஆனால், அது கொரியாவில் முன்பே கட்டப்பட்ட பேருலை வடிவம். அந்தப் பெயரைச் சொல்லித் தாளில் மட்டுமே உள்ள உலையை விற்கக் கூடாது.

கிலோமீட்டரையும் மீட்டரையும் ஒப்பிடுமுன் ஒரே அலகுக்கு மாற்றச் சொல்கிறோம் அல்லவா? இங்கும் அதே விதிதான். எவரேனும் 'மலிவு' என்றால் இவற்றைக் கேளுங்கள்:

1. எந்த ஆண்டின் பணமதிப்பு?
2. கட்டும் காலத்து வட்டி சேர்ந்ததா? அல்லது ஒரே இரவில் கட்டி முடிப்பதாகப் போட்ட கணக்கா?
3. மானியம் கழிக்கப்பட்டதா?
4. முதல் உலையின் விலையா? பல கட்டிப் பழகியபின் குறையும் என்று நம்பும் விலையா?
5. கழிவைக் காக்கும் செலவும், இறுதியில் உலையைப் பிரித்தகற்றும் செலவும் எங்கே?

சூரிய மின்சாரத்தையும் இவ்விதி விடாது. நம் கூலிமில் சூரியத் தகடுகள் செய்கிறார்கள். கோலகெட்டிலில் 50 மெகாவாட் சூரிய மின்நிலையம் உள்ளது. இரவு மின்சாரத்திற்கான மின்கலச் செலவைச் சேர்த்தே அதையும் ஒப்பிட வேண்டும்.

தோட்டத்தை விட்டுப் பாடாங் செராய்க்கும் சுங்கை பட்டாணிக்கும் குடிபெயர்ந்து, மலிவு வீடுகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு மாதக் கட்டணத்தில் 20 ரிங்கிட் கூடினாலும் அது பிள்ளையின் புத்தகப் பணம். இன்று கட்ட முடிவாகும் உலைக்கு நம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் முதுமை வரை பணம் கட்டுவார்கள். பெற்றோர்களே, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இவ்வைந்து கேள்விகளையும் கேளுங்கள். ஆசிரியர்களே, 58 டாலர் 89 ஆனால் எத்தனை விழுக்காட்டு உயர்வு? நாளையே வகுப்பில் கேளுங்கள். 53 என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். விற்பவர்கள்தாம் சொல்லமாட்டார்கள்!