திறந்தவரே மூட வேண்டும்

நம் மரக்காணம் பக்கத்திலும் ஜாவா படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லித்தரும் முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. கோப்பைத் திறக்கவும் படிக்கவும் கற்றுத் தருகிறார்கள். மூடுவதைக் கடைசி வரியில் ஒரு சடங்காக வைத்துவிடுகிறார்கள்.

ஜாவாவில் தகவல் உள்ளே வரும் வழிக்கு 'இன்புட் ஸ்ட்ரீம்' என்று பெயர். பாத்திக்கு உவர்நீர் கொண்டுவரும் வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ரீட்' என்று கேட்டால் ஒரு பைட் வரும். அதன் மதிப்பு 0 முதல் 255 வரை. தீர்ந்துவிட்டால் -1 வரும். அதுவரை படிக்க வேண்டும். 1000 பைட் கேட்டால் 300 மட்டும் வரலாம். அத்தோடு நிறுத்தினால் மீதி போயிற்று.

பாத்தி நிறைந்ததும் மடையை அடைக்க உப்பளத்துக்காரருக்கு யாரும் நினைவூட்ட வேண்டாம். கணினியில் அது மறந்துபோகிறது. காரணம் எளிது. கல்லூரி ஆய்வகத்தில் ஓடும் நிரல் இரண்டு நொடியில் முடியும். திறந்து கிடப்பதையெல்லாம் இயங்குதளமே மூடிவிடும். தவறு தெரியாது. மாதக்கணக்கில் ஓடும் சர்வரில் அப்படியல்ல. லினக்ஸில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் கோப்புகளுக்கு வரம்பு உண்டு. பல இடங்களில் அது 1024. ஒவ்வொன்றாக மூடாமல் விட்டால், ஒருநாள் வரம்பு தொட்டு நின்றுவிடும். நிறுத்தி மறுபடி ஓட்டினால் சரியாகும். சில நாளில் மீண்டும் நிற்கும். 'சர்வர் டவுன்' என்று ஓய்வூதியக்காரரைத் திருப்பி அனுப்புவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

'கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கொள்ளும்' என்பார்கள். அது நினைவகத்தைக் கவனிப்பது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கோப்பை மூட அதை நம்பக் கூடாது.

இது கற்றுக்குட்டிகளின் தவறு மட்டுமல்ல. ஜாவாவின் சொந்த நூலகங்களிலேயே 2007-ல் 'குளோஸ்' பயன்பட்ட இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு தவறாக இருந்ததாக ஜோஷுவா பிளாக் 'எஃபெக்டிவ் ஜாவா' நூலில் எழுதியிருக்கிறார். 2011-ல் வந்த ஜாவா 7 இதற்கு வழி செய்தது. 'ட்ரை' என்ற சொல்லை அடுத்த அடைப்புக்குறிக்குள் திறந்தால், நடுவில் பிழை வந்தாலும் தானே மூடிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: நாம் திறக்காததை நாம் மூடக் கூடாது. விசைப்பலகையிலிருந்து படிக்கும் 'சிஸ்டம்.இன்' அப்படிப்பட்டது. ஒருமுறை மூடினால் அந்த நிரல் அதிலிருந்து மறுபடி படிக்க முடியாது.

செய்முறைத் தேர்வில் விடை சரியாக வந்தால் மட்டும் போதாது. திறந்ததை மூடாத நிரலுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது பாரம் என்பதை நான் ஏற்கவில்லை. ஒரு வரி எழுதும் வேலைதான். உங்கள் வீட்டுப் பிள்ளை ஜாவா எழுதினால் கேட்டுப் பாருங்கள்: "திறந்தாயே, மூடினாயா?"