எச்சரிக்கைக்கும் ஒரு மொழி உண்டு

2020 ஆகஸ்ட் 6 இரவு. இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் பெருமழையில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. இறந்தோர் பெரும்பாலும் தமிழர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்த அவ்விடத்திலிருந்து செய்தி வெளியே வர மறுநாள் காலையாயிற்று.

அதன்பின் எத்தனையோ ஆய்வுகள். மண்ணின் தன்மையை அளந்தார்கள். சரிவின் கோணத்தை அளந்தார்கள். மழையின் அளவைக் கணக்கிட்டார்கள். தேவையானவையே. ஆனால் ஒன்றை எவரும் பாதுகாப்புச் சோதனையில் சேர்ப்பதில்லை: எச்சரிக்கை, கேட்பவருக்குப் புரிகிறதா?

கள ஆய்வின்போது ஒரு லயத்தின் சுவரில் மலையாள அறிவிப்பொன்று ஒட்டப்பட்டிருந்தது. அங்கிருந்த பாட்டி என்னை அழைத்து, "தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?" என்றார். கனமழை பெய்தால் வீட்டைவிட்டு வெளியேறுமாறு எழுதியிருந்தது. அது ஒட்டப்பட்டு நாள்கள் பல கடந்திருந்தன.

"அவர்களுக்குத்தான் மலையாளம் தெரியுமே" என்பார்கள். சந்தையில் பேசத் தெரிவது வேறு. அரசாணையின் எழுத்தைப் படித்தறிவது வேறு. இரண்டும் உடன்பிறந்த மொழிகள் என்பதே இங்கு ஆபத்து. மக்களை 'மாற்றிப் பார்ப்பிக்கும்' என்று மலையாளத்தில் எழுதினால், வேறிடத்தில் குடியமர்த்துவார்கள் என்று பொருள். தமிழ்ச் செவிக்கோ 'பார்த்தல்' என்பது கண்ணின் வேலை. புரிந்ததுபோல் தோன்றிப் புரியாமற்போகும் சொல், புரியாத சொல்லைவிடக் கொடியது.

இது சலுகைக் கோரிக்கையன்று. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே மறுமொழி பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. மனுவுக்கு மறுமொழி தமிழில் வரலாம். உயிர்காக்கும் ஆணை மட்டும் வரக்கூடாதா? தேவிகுளத்துக்கு மட்டுமன்று, 2018 பெருமழையில் சாலை துண்டிக்கப்பட்டுத் தனித்துப்போன பாலக்காட்டு நெல்லியாம்பதிக்கும் இக்கேள்வி பொருந்தும்.

ஒவ்வொரு லயத்திலும் எச்சரிக்கை தமிழில் வேண்டும். ஆய்வறிக்கையின் முடிவு, அதன்கீழ் வாழ்வோருக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட வேண்டும். ஆய்வுக் குழுவில் அம்மலையில் முப்பதாண்டு கொழுந்து பறித்த ஒருவரேனும் இருக்க வேண்டும். எந்த ஊற்று திடீரெனக் கலங்குகிறது என்பதை முதலில் காண்பவர் அவரே.

அடுத்த மழைக்காலம் எவருடைய மொழிபெயர்ப்புக்காகவும் காத்திராது.