அத்திப்பள்ளி தாண்டும் முன்

ஓசூர், கிருஷ்ணகிரி ஆய்வகங்களில் சென்ட்ரிஃபியூஜ் பழுதானாலும் மைக்ரோபிப்பெட்டுக்குக் காலிபரேஷன் தேதி வந்தாலும் கை நீளுவது பெங்களூருக்குத்தான். காலையில் வண்டியேற்றினால், ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டி மதியத்துக்குள் பட்டறை மேசைக்குப் போய்விடும். அங்கே திருகாணி கழற்றுபவர் இயந்திரம் அறிந்தவர், நுண்ணுயிரியல் படித்தவரல்லர். உள்ளே எந்த வைரஸ் சுழன்றது என்று நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

பல இடங்களில் மேல்மூடியை ஸ்பிரிட்டால் துடைப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. இது போதாது. கொரோனா, பறவைக் காய்ச்சல் வைரஸ்களுக்குக் கொழுப்பு உறை உண்டு. 70 சதவீத ஆல்கஹால் அதைக் குலைத்துவிடும். கோமாரி வைரஸுக்கு அந்த உறையே கிடையாது. அதற்கு 4 சதவீத சோடியம் கார்பனேட்டோ சிட்ரிக் அமிலமோ வேண்டும். மனித மாதிரிகளோடு மாடு, கோழி மாதிரிகளும் புழங்கும் வட்டாரம் நம்முடையது. ஒரே புட்டியை எல்லாவற்றுக்கும் நம்பக் கூடாது. ஹைப்போகுளோரைட்டும் அன்றன்று கலக்க வேண்டிய மருந்து. இரத்தமோ கோழி எச்சமோ ஒட்டியிருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும், வைரஸுக்கு மிஞ்சாது.

ரோட்டாரைக் கவனியுங்கள். கசிவு தங்குவது வாளிகளின் அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும்தான். அலுமினிய ரோட்டாரில் ஹைப்போகுளோரைட்டை ஊற்றிவைத்தால் குழி விழும். அந்த ரோட்டார் அடுத்த முறை முழு வேகத்தில் பிளந்துபோகலாம். எது தாங்கும் என்று தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுங்கள். ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் மேசையில் இன்னோர் ஆபத்து இருக்கிறது: குவானிடின் தயோசயனேட் கலந்த லைசிஸ் பஃபர் சிந்திய இடத்தில் ஹைப்போகுளோரைட் பட்டால் சயனைடு உள்ளிட்ட நச்சு வாயுக்கள் கிளம்பும். கொரோனா காலத்தில் ஆர்டி-பிசிஆர் வேலைக்கு வந்த இளம் டெக்னீஷியன்களில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தோம்? பயோசேஃப்டி கேபினட் என்றால், ஹெப்பா ஃபில்டரைக் கழற்றுவதற்கு முன் பெட்டி முழுவதும் ஃபார்மலின் அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு புகையூட்டியாக வேண்டும். புற ஊதா விளக்கை எரியவிடுவது அதற்கு ஈடாகாது.

2004-இல் பெய்ஜிங் ஆய்வகத்தில், செயலிழந்துவிட்டது என்று நம்பி சார்ஸ் வைரஸைப் பாதுகாப்பு அறையிலிருந்து சாதாரண அறைக்குக் கொண்டுவந்தார்கள். செயலிழந்ததா என்று முறையாகச் சோதிக்கவில்லை. ஒன்பது பேருக்குத் தொற்று பரவியது. இறந்தவர் ஆய்வகப் பணியாளர் அல்லர், தொற்றுற்ற ஆராய்ச்சி மாணவியின் தாய்.

ஆகவே, வெளியே போகும் ஒவ்வொரு கருவியோடும் ஒரு கிருமிநீக்கச் சான்று போக வேண்டும். கையாண்ட கிருமி, மருந்தின் பெயர், செறிவு, ஊறிய நேரம், செய்தவரின் கையெழுத்து, கழற்ற முடியாமல் விட்ட பாகங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதை எழுதத் தயங்க வேண்டாம். பட்டறைக்காரர் கையுறையும் கண்ணாடியும் அணிவதை அதுதான் தீர்மானிக்கும். அந்தத் தாள் இல்லாத கருவியை வாங்க மறுக்கும் சர்வீஸ் நிறுவனம் இருந்தால், ஆண்டு ஒப்பந்தத்தை அவர்களோடு போடுங்கள்.