வெள்ளம் வந்தபின் பொட்டலம்! வருமுன்?



உலகம் சூடாகிறது, பருவம் தவறுகிறது என்றால், 'அது ஐ.நா. சபையில் பேச வேண்டிய சங்கதி, படப்பையில் இருக்கும் நமக்கென்ன?' என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஒரு தேதியை நினைவூட்டுகிறேன். 2015 நவம்பர் 30 அன்று உலகத் தலைவர்கள் பருவநிலை மாநாட்டுக்காகப் பாரிஸில் கூடினார்கள். மறுநாளே இங்கே வானம் பிளந்தது. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை! அந்த ஒரு மழைக்கு வெப்பமே காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். இத்தகைய மழை இனி அடிக்கடி வரும் என்பதற்கு அதுவே போதும்.

பழியெல்லாம் செம்பரம்பாக்கத்தின் மீது விழுந்தது. அங்கே விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையும் குறை கூறியது. நியாயம்தான். ஆனால் அந்த உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. ஆறு அங்கே போய்ச் சேருமுன்பே இருக்கும் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது எந்தத் தண்ணீர்? மணிமங்கலம், ஆதனூர் என நம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர், சகோதரர்களே! ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே தானே வழியும். அது போகும் பாதையில் மனை போட்டு விற்றவர் யார்? வாங்கியவர் யார்? நம்மவர்களும்தான்.

அன்று நம் இளைஞர்கள் இடுப்பளவு நீரில் இறங்கினார்கள். பள்ளிவாசல்கள் மதம் பாராமல் திறந்தன. பாராட்டுவோம். 2021இலும், 2023 மிக்ஜாம் புயலிலும் அதே தெருக்களில் அதே தண்ணீர், அதே உணவுப் பொட்டலம்! எத்தனை முறைதான் பொட்டலம் கட்டுவது?

பங்களாதேஷைப் பாருங்கள். 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். 1972 முதல் ஊர் ஊராகத் தொண்டர்களைப் பழக்கினார்கள். கையில் மெகாபோன், கம்பத்தில் கொடி, பள்ளிவாசலில் ஒலிபெருக்கி. 2020 அம்பன் புயலில் அங்கே இறந்தவர்கள் சில பத்துப் பேரே. அது பணக்கார நாடா?

நம் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கி உண்டு. கோயிலிலும் சர்ச்சிலும் உண்டு. ஏரி நிரம்பும் செய்தியை நள்ளிரவில் யார் யாருக்குச் சொல்வது என்று பேசி வைத்திருக்கிறோமா? ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்ட் முடித்து வாடகை அறைகளில் உறங்கும் பீகார், ஒடிசா தொழிலாளருக்குத் தமிழ் அறிவிப்பு புரியுமா? இந்தியிலும் சொல்லியாக வேண்டும். (இந்தித் திணிப்பு என்று யாரும் கோபிக்க வேண்டாம்!)

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைகள் மழைக்கு முன்பே வருகின்றன. போங்கள். கலங்கல் முதல் ஆறு வரை கால்வாயின் புலப்படத்தைக் கேளுங்கள். அடைபட்ட இடங்களைக் குறித்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அங்கே இருப்பது ஏழையின் வீடு என்றால் மாற்று இடத்தையும் சேர்த்தே கேளுங்கள். அந்தப் பட்டியலில் நம் மாமன் மச்சான் மனை இருந்தாலும், கையெழுத்துப் போடாமல் திரும்பாதீர்கள்.