பழைய பெட்டிக்குள் புதிய சில்லு

கேள்வி ஒரு நேயரிடமிருந்து வந்தது. “என் கணவர் 1982-ஆம் ஆண்டுக் கணினியைப் புதிதாக வாங்கப் போகிறாராம். விலை 300 அமெரிக்க டாலர். இவருக்கு என்ன ஆச்சு?” வானொலியில் இரண்டு நிமிடத்தில் சிரித்து முடித்துவிட்டேன். இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தக் கணவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அவர் ஆசைப்படுவது கொமடோர் 64. விசைப்பலகையே கணினி, அதைத் தொலைக்காட்சியில் இணைத்தால் போதும். உலகில் ஒரு கோடிக்கும் அதிகமாக விற்ற பெட்டி அது. நிறுவனம் 1994-இல் நொடித்துப் போனது. பெயர் மட்டும் கை மாறிக்கொண்டே இருந்தது. 2025-இல் கிறிஸ்டியன் சிம்ப்சன் என்ற யூடியூபர் ஆள்சேர்த்து அந்தப் பெயரை வாங்கி, ‘கொமடோர் 64 அல்டிமேட்’ என்று மறுபடியும் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

வெளியே அதே பழுப்பு உடம்பு. உள்ளேதான் சங்கதி. பழைய கணினியைக் காட்டும் பெரும்பாலான புதிய பொம்மைகள் மென்பொருளால் பலகுரல் செய்பவை. இதில் இருப்பது எஃப்பிஜிஏ என்ற சில்லு. நம் ஊர்ப் பொது மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: காலையில் மணமேடை, மாலையில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். கட்டடம் ஒன்றுதான், நாற்காலிகளைப் போடும் விதம்தான் வேறு. அதுபோல இந்தச் சில்லு, மின்சாரம் வந்ததும் தன் உள் இணைப்புகளை 1982-இன் சுற்றுகளைப் போலவே அடுக்கிக்கொள்கிறது.

மற்ற மாற்றங்கள் எளிதில் புரிபவை. நினைவகம் 64 கிலோபைட்டாக இருந்தது. அதிலும் பேசிக் மொழியில் எழுத நமக்குக் கிடைத்தது 38,911 பைட்தான். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ‘காலை வணக்கம்’ படம்கூட அதில் அடங்குவது சந்தேகம். இப்போது 128 மெகாபைட். எச்டிஎம்ஐ இருப்பதால் இன்றைய தொலைக்காட்சியில் நேராக மாட்டலாம். வைஃபை உண்டு, யுஎஸ்பி உண்டு. கேசட் ஓடி முடியும்வரை தேநீர் கலக்கிக் குடிக்க வேண்டியதில்லை. பழைய செயலியின் வேகம் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ்; விரும்பினால் நாற்பது மடங்குக்கு மேல் முடுக்கலாம். ஆனால் விளையாட்டுகளுக்குப் பழைய வேகமே சரி. இல்லாவிட்டால் கதாநாயகன் கண்ணில் படுவதற்குள் செத்துப்போவான்.

ஒலி வேலை பார்க்கும் எனக்குப் பிடித்தது சிட் என்ற ஒலிச் சில்லு. பாப் யானெஸ் வடிவமைத்தது. மூன்றே குரல்கள், அதை வைத்துக்கொண்டு அன்றைய இசையமைப்பாளர்கள் ஒரு வாத்தியக் குழுவையே கேட்கிற மாதிரி செய்தார்கள். புதிய பெட்டியில் அந்த ஒலியை எஃப்பிஜிஏ உண்டாக்குகிறது. பழைய சிட் கையில் இருந்தால் செருகிக்கொள்ள இடமும் வைத்திருக்கிறார்கள்.

அந்த எஃப்பிஜிஏ, சைலிங்ஸ் நிறுவனத்தின் ஆர்ட்டிக்ஸ்-7 வகை. சைலிங்ஸை 2022-இல் வாங்கியது ஏஎம்டி. ஏஎம்டி நமக்குப் புதியதா என்ன? 1972-இல் பாயான் லெப்பாஸில் கால்வைத்த நிறுவனங்களில் அதுவும் ஒன்று. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்ததும் அதே ஆண்டில், அதே இடத்தில்தான். பழைய இன்டெல் சில்லுகளைப் புரட்டினால் ‘மலே’ என்று பொறித்திருக்கும்.

அத்தை அங்கே ஓர் ஆலையில் எண்பதுகளில் வேலை பார்த்தவர். விடியுமுன் ஆலைப் பேருந்து, பிறகு நாள் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. இந்தக் கணினியைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “நாங்க ஒட்டினது எந்தப் பெட்டிக்குள்ள போச்சுன்னு யாரும் சொன்னதில்லடா. இதத் திறந்து காட்டுவியா?” இத்தனை ஆண்டுகளில் அவர் கணினி வைத்திருந்ததே இல்லை.

சரி, நேயரின் கேள்விக்கு வருவோம். விலை நம் பணத்தில் ஏறக்குறைய 1,200 ரிங்கிட். அனுப்பும் செலவு தனி. ஒரு நல்ல மடிக்கணினிக்கான தொகையில் பெரும்பகுதி அது. பிள்ளைக்குப் பள்ளி வேலை செய்ய ஒரே கணினிதான் வாங்க முடியும் என்றால், இது வேண்டாம். அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மலிவாகப் பழையதே போதும் என்று அவர் லோரோங் கூலிட் சந்தைக்குக் கிளம்பினால், பழைய மின்வழங்கியை மட்டும் அப்படியே செருகவிடாதீர்கள். வயதானால் அதன் 5 வோல்ட் எகிறி, உள்ளே இருக்கும் சில்லுகளைச் சுட்டுவிடும். புதிய மின்வழங்கி வாங்கி மாற்றிய பிறகே சோதிக்க வேண்டும்.

கையில் காசு இருந்து, பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டால், விளையாட்டைப் போடுமுன் பிள்ளையை முன்னால் உட்காரவையுங்கள். பெட்டியைப் போட்டதும் நீலத் திரையில் கட்டம் ஒன்று சிமிட்டிக்கொண்டு நிற்கும். செயலியும் இல்லை, விளம்பரமும் இல்லை. 10 பிரிண்ட் என்று தட்டி மேற்கோள் குறிக்குள் தன் பெயர். அடுத்த வரியில் 20 கோடூ 10. பிறகு ரன். பெயர் திரை முழுக்க ஓடும்போது, “எப்படி நிறுத்துவது?” என்று பிள்ளை கேட்கும். அதற்கு விடை அண்ணனுக்குத் தெரிகிறதா என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.