மருத்துவர் வாய்திறத்தல்

மருத்துவர் நாடி பார்த்து மருந்து கொடுப்பதோடு அமையாது, அரசுக்கு அறிவுரை கூறவும் புகலாமோ என்னும் வினா மீண்டும் எழுந்துள்ளது. 2025 சனவரியில் அமெரிக்க அரசு பிறநாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தபோது, எச்.ஐ.வி., காசநோய் ஆகிய இரண்டின் மருந்தும் தடைப்படுமே என்று பல நாட்டு மருத்துவர்கள் குரலெழுப்பினர். அஃது அவர்தம் தொழிலுக்குப் புறம்பானது என்பாரும் உளர். நான் அவ்வாறு கருதேன்.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. குழந்தை மருத்துவர் கமலிகா அபேரத்ன, 1990களில் வீதி விபத்தொன்றில் காயமுற்று, ஏற்றப்பெற்ற குருதியின் வழியே எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானார். மறைத்து வாழ்ந்திருக்கலாம், அக்காலத்தில் அதுவே இயல்பு. அவரோ தம் நிலையை ஊரறியச் சொன்னார். மருந்து எல்லார்க்கும் எட்டவேண்டுமென வாதாடினார். மேனாட்டில் ஓராண்டு மருந்துக்குப் பதினாயிரம் டொலருக்கு மேல் செலவான காலம் அது. 2001 இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் மும்மருந்துக் கூட்டை நாளொன்றுக்கு ஒரு டொலருக்கும் குறைவாகத் தர முன்வந்த பின்னரே ஏழைநாடுகள் மூச்சுவிட்டன. இலங்கை அரசு இலவசமாக அம்மருந்தை வழங்கத் தொடங்கியது 2004 இல். அவ்வாண்டிலேயே அவ்வம்மையார் மறைந்தார்.

காசநோய்க்கும் இதற்கும் யாது தொடர்பு எனின், எச்.ஐ.வி. உடலின் காவலைக் குலைக்கிறது; உள்ளே உறங்கிக்கிடந்த காசக்கிருமி விழித்தெழுகிறது. உலகில் எச்.ஐ.வி. உற்றோரைக் கொல்லும் நோய்களுள் காசமே முதன்மையானது. ஆதலின் ஒன்றைச் சோதிக்குமிடத்து மற்றொன்றையும் சோதிக்க வேண்டுமென மருத்துவர் வற்புறுத்துகின்றனர். இலங்கையில் எச்.ஐ.வி. மிகக் குறைவு, தாயிடமிருந்து சேய்க்குப் பரவுதலை ஒழித்ததாக 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. காசமோ அவ்வாறன்று. ஆண்டுதோறும் பல்லாயிரவர் புதிதாகக் கண்டறியப்படுகின்றனர்.

எங்கள் கரைப்பகுதிக்கு வருவோம். சிலாபம் முதல் உடப்பு, முந்தல், கற்பிட்டி ஈறாகக் கரைவலையும் வாடியுமே பலர்க்கு வாழ்வு. ஒரே வாடியில் பதின்மர் துயில்வர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்து ஓலைக்கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் நெருங்கி வாழ்ந்ததும் நாம் கண்டதே. நெருக்கமும் காற்றோட்டமின்மையும் காசத்திற்கு வாய்ப்பு. காசநோய்க்கு மருந்தோடு வீடும் வேண்டும் என்று ஒரு மருத்துவர் சொன்னால், அவர் அரசியல் பேசுகிறார் என்பதா? நோயைப் பற்றித்தானே பேசுகிறார்!

சென்னைச் சேத்துப்பட்டில் 1956 இல் நிறுவப்பெற்ற காசநோய் வேதிச்சிகிச்சை நிலையம், நோயாளரை இருகூறாக்கி, ஒரு சாராரை மருத்துவமனையில் நல்லுணவோடும் ஓய்வோடும் வைத்தது. மறுசாராரை அவர்தம் ஏழைக் குடிலிலேயே விட்டு அதே மருந்தைக் கொடுத்தது. 1959 இல் வெளிவந்த முடிவு உலகை வியப்பித்தது: குணத்தில் பெரு வேறுபாடில்லை, வீட்டாரும் அதனால் மிகுதியாக நோயுறவில்லை. அம்மருத்துவர்கள் தம் முடிவை ஏட்டிற்குள் அடக்கியிருந்தால் ஏழை இன்றும் படுக்கைக்குக் காத்திருப்பான்.

வீட்டிலிருந்தே குணமாகலாம் என்பது வலைஞர்க்கு வரம். ஆயினும் அவர் வீடு எது? மருந்து ஆறு திங்கள் தவறாது உண்ணவேண்டும்: முதலிரு திங்கள் நான்கு மருந்து, பின்னிரண்டு. பருவம் மாறினால் அவர் வேற்றுக் கரைக்குச் சம்மாட்டியோடு போய்விடுவார். அவர் பின்னே மருந்து போகவேண்டும். சென்றவிடத்து மார்புநோய்ச் சிகிச்சை நிலையம் அவரை ஏற்கவேண்டும். வேலை பறிபோகாதென்னும் உறுதியும் வேண்டும். இவை சட்டத்தாலும் செலவாலும் ஆவன. மருந்துச்சீட்டால் ஆகா.

தமிழாசிரியனாகிய எனக்குச் சொல்லைப் பற்றியும் ஒரு குறை உண்டு. மருந்துண்டு நெடுங்காலம் வாழலாம் என்றான பின்னும், எய்ட்ஸை 'ஆட்கொல்லி' என்றே நம் ஏடுகள் எழுதுகின்றன. அச்சொல்லைக் கேட்டவன் சோதனைக்கு வருவானோ? காசநோய்க்கு வழங்கும் 'என்புருக்கி'யும் அத்தகையதே. யான் கண்ட துண்டறிக்கை ஒன்றில், சிங்களத்தினின்று சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழ் ஆசிரியர்க்கே விளங்கவில்லை. இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றாலும் மருந்தை நிறுத்தாதே என்று எழுத எத்துணைச் சொல் வேண்டும்?