கொட்டேஷனில் நம் பெயர்

காலை ஏழு மணிக்கு மந்தின் கடைத்தெருவில் நின்றால், ஏணி கட்டிய வேன்கள் நீலாய்க்கும் சிரம்பானுக்கும் கிளம்புவதைப் பார்க்கலாம். ஏர்கோன் வேலைக்குப் போகிறவர்கள். நம் பையன்கள் நிறையப் பேர். அப்பா பால்மரம் வெட்டிய தோட்டம் தாமானாகிவிட்டது. அங்கே எழுந்த மாடிவீட்டில் மகன் ஏர்கோன் மாட்டுகிறான். ஆனால் வீட்டுக்காரர் கையில் இருக்கும் கொட்டேஷனில் வேறொருவர் பெயர். அங்கே நம் பெயர் வர வேண்டுமானால் சான்றிதழும் பதிவும் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லி வருகிறேன்.

"வேல தெரிஞ்சா போதாதாண்ணே?" என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டார். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவர். சான்றிதழ் என்றாலே மறுபடி வகுப்பில் உட்கார வேண்டும் என்று பயந்துபோயிருந்தார்.

அந்தப் பயம் தேவையில்லை. எஸ்.கே.எம். என்கிற மலேசியத் திறன் சான்றிதழுக்குப் பயிற்சி நிலையம் ஒரு வழிதான். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்குத் திறன் மேம்பாட்டுத் துறையே பி.பி.டி. என்று இன்னொரு வழி வைத்திருக்கிறது. செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்தால் மதிப்பீட்டாளர் பார்த்து முடிவு செய்வார்.

ஆதாரம் என்றதும் தம்பி கைப்பேசியைத் திறந்தார். நூற்றுக்கணக்கான படங்கள், எல்லாமே மாட்டி முடித்த ஏர்கோன். தவுக்கேக்கு அனுப்ப எடுத்தவை. அவர் கை தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. சம்பளம் ரொக்கமாகக் கையில் வாங்கியது, அதனால் சீட்டும் இல்லை. பன்னிரண்டு வருட உழைப்புக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லாததைப் பார்த்து எனக்கு நெஞ்சு கனத்தது.

"இன்னிக்கே ஆரம்பிங்க" என்றேன். செம்புக் குழாயின் வாயை விரிக்கும்போது ஒரு படம், வெக்கும் பம்ப் ஓடும்போது ஒரு படம். வேலை கொடுத்தவர்களிடம் கடிதம்.

வெக்கும் என்றதும் தயங்கினார். குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுக்கும் அந்த வேலையை அவசரத்தில் பலர் செய்வதில்லை. வெளி யூனிட்டின் கேஸைக் கொஞ்சம் திறந்து, குழாயில் இருக்கும் காற்றை ஊதித் தள்ளிவிட்டு நட்டை முடுக்கிவிடுவார்கள். ஈரம் உள்ளேயே தங்கும். அது எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரசரை மெல்ல அரிக்கும். பழைய கேஸான ஆர்-22 தீப்பிடிக்காது, ஆனால் ஓசோனைக் கெடுக்கும். இப்போதைய ஆர்-32 ஓசோனைத் தொடாது, ஆனால் தீப்பிடிக்கக்கூடியது. அழுத்தமும் ஆர்-22ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல். இதனால்தான் கேஸைக் கையாள்கிறவர்களுக்குச் சுற்றுச்சூழல் துறை தனியாக ஒரு சான்றிதழ்ப் பயிற்சி வைத்திருக்கிறது. இதை வெறும் சடங்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். குழந்தை தூங்கும் அறையில் மாட்டுகிற பொருள் இது.

மற்றவை அலைச்சல்தான். நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் தொழிலைப் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி. கட்டுமான இடங்களில் சொந்தமாகக் குத்தகை எடுக்க, 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யில் பதிவு வேண்டும். ஏர்கோனுக்கு இயந்திரப் பிரிவில் எம்-01. ஆரம்பப் படியான ஜி-1இல் சிறிய வேலைகளை எடுக்கலாம். புதிதாக வாயரிங் இழுப்பது மட்டும் எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வாயர்மேன் வேலை. அதில் கை வைக்காதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து இரவு பத்து மணிக்குத் தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. வெக்கும் கேஜின் ஊசி மைனஸ் 30ஐத் தொட்டு நின்றது. ஓரத்தில் அவருடைய அழுக்குக் கை. அரை மணி நேரத்தில் இன்னொரு படம். பம்பை நிறுத்தியிருந்தார். ஊசி அதே இடத்தில்தான் இருந்தது. கீழே எழுதியிருந்தார்: "ஆடவே இல்லண்ணே."